இரண்டு பெருநாளும் ஒரு பால்வெளிக் கூட்டமும்

ஒரு பொருளை வருடக்கணக்கில் நிறுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் அதன் எடை தெரியாது என்று எழுதிக் கொடுத்ததற்காக எனக்கு நிரந்தர நியமனம் கிடைத்தது. கல்முனைச் சந்தையில் மீன் விற்கிற எவராவது இப்படிச் செய்திருந்தால் தராசும் மிஞ்சியிருக்காது, ஆளும் மிஞ்சியிருக்கமாட்டார். எனக்குக் கலாநிதிப் பட்டம் இருந்ததால் தப்பித்துக்கொண்டேன்.

நான் ஓய்வு பெற்ற அன்று துறையிலுள்ள இளம் விரிவுரையாளர்கள் ஒரு தேநீர் விருந்து வைத்தார்கள். அதில் ஒருத்தி, கெட்டிக்காரப் பிள்ளை, கைபேசியைத் தட்டி ஒரு பட்டியலைக் காட்டினாள். புதிய செய்மதி ஒன்று வானம் முழுவதையும் எக்ஸ் கதிரில் படம் எடுத்து ஆயிரக்கணக்கான பால்வெளிக் கூட்டங்களின் திணிவை, அதாவது எடையை, கணித்து வைத்திருக்கிறது. கணித்தது மனிதரில்லை, ஒரு நிரல். அதில் என்னுடைய பழைய கூட்டமும் இருந்தது. பெயருக்கு எதிரே திணிவு, தசம தானங்களோடு. அதற்குப் பக்கத்தில் அதன் நிலைமை: அமைதியானது.

"சேர், ஒங்கட கூட்டம் எவ்வளவு வடிவா வந்திரிக்கி பாருங்க" என்றாள்.

நான் பார்த்தேன். தேநீர் ஆறிவிட்டது. "அந்தக் காலத்தில இதையெல்லாம் எப்பிடிச் செஞ்ச நீங்க? எழுதித் தாங்களன்" என்று எல்லோருமாகக் கேட்டார்கள். எழுதுகிறேன். அந்த 'அமைதியானது' என்ற சொல் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் எழுதியிருக்கமாட்டேன்.

ஜேர்மனியில் படித்த கதையைச் சுருக்கிவிடுகிறேன். பனி பெய்தது, உருளைக்கிழங்கு தின்றேன், பட்டம் தந்தார்கள். படித்த விஷயம் இதுதான். நம் பால்வெளி போன்றவை நூற்றுக்கணக்கில் ஒன்றுசேர்ந்து கூட்டமாக நிற்கும். அவற்றுக்கிடையில் கோடிக்கணக்கான பாகை வெப்பத்தில் ஒரு வாயு நிரம்பியிருக்கும். அவ்வளவு சூட்டில் அது எக்ஸ் கதிராக ஒளிரும். பூமியின் காற்று அந்தக் கதிரைக் கீழே விடாது என்பதால் செய்மதியை மேலே அனுப்பித்தான் பார்க்க வேண்டும். இனி நிறுக்கும் முறை. சோற்றுப் பானை கொதிக்கிறது, மூடி பறக்கவில்லை என்றால், கொதிப்பின் வேகத்தைக் கொண்டு மூடி எவ்வளவு பாரம் என்று சொல்லிவிடலாம் அல்லவா? வாயு சிதறி ஓடாமல் இருக்கிறது என்றால் ஏதோவொரு பாரம் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. வாயுவின் சூடும் அது பரந்திருக்கும் விதமும் தெரிந்தால் அந்தப் பாரம் தெரியும்.

இதற்கு ஒரே ஒரு நிபந்தனை. கணக்கின் முதல் வரியில், 'வாயு அமைதிச் சமநிலையில் உள்ளது எனக் கொள்வோம்' என்று எழுத வேண்டும். உலகம் முழுவதும் எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள். நானும் எழுதினேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், யுத்த காலத்தில், கல்முனையில் இருந்துகொண்டு, கை நடுங்காமல் எழுதினேன்.

ஊருக்குத் திரும்பி எங்கள் கரையோரத்துப் புதிய வளாகத்தில் சேர்ந்தபோது பௌதிகவியல் துறை என்பது ஒரு மண்டபத்தின் பாதி. மறுபாதியில் கதிரைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். கணினி ஒன்று இருந்தது, கரண்ட் இருக்கும்போது வேலை செய்தது. துறைத் தலைவர் காரைதீவைச் சேர்ந்த கலாநிதி புவனேஸ்வரி. என்னைவிட இரண்டு வயது இளையவர். எல்லோரையும் போல நானும் மெடம் என்றே அழைத்தேன்.

மெடம் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. பிழை என்று சொன்னதும் இல்லை. கூந்தலில் செருகியிருக்கும் பென்சிலை எடுப்பார், தாளின் ஓரத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி போடுவார், பென்சிலைத் திரும்பக் கூந்தலில் செருகுவார். தாள் திரும்பி வரும். அந்தக் கேள்விக்குறியின் அர்த்தத்தைக் கண்டுபிடிப்பது நம் பொறுப்பு. திட்டியிருந்தால் ஒரு நாளில் ஆறியிருக்கும். அவருடைய கேள்விக்குறி வாரக்கணக்கில் தூங்கவிடாது.

அவர் முதலில் கேள்விக்குறி போட்டது என் கணக்குக்கு அல்ல, கடிதத்துக்கு. துறையிலிருந்து வெளிநாட்டுக்குப் போகும் கடிதங்களை அவர்தான் பார்த்துக் கையொப்பமிடுவார். என் ஜேர்மன் பேராசிரியர் நல்ல மனிதர். ஒவ்வொரு கடிதத்தின் முடிவிலும், 'அங்கே எல்லாம் அமைதிதானே?' என்று கேட்பார். நானும் ஒவ்வொரு பதிலிலும், 'ஓம், இங்கே எல்லாம் அமைதி' என்று எழுதுவேன். வேறென்ன எழுதுவது? ஊரடங்கு எத்தனை மணிக்கு, எந்தப் பாதை பூட்டு, எந்தக் கிழமை யாருடைய கடை எரிந்தது என்று எழுதினால் மனிதர் பயந்துபோய்த் தரவு அனுப்புவதை நிறுத்திவிடுவார். மெடம் அந்த வரிக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போடுவார். நான் அழிறப்பரால் அழித்துவிட்டு அனுப்புவேன். இது எங்களுக்குள் ஒரு வழக்கமாகிவிட்டது.

என் வீடு சாய்ந்தமருதில், அதாவது என் மனைவி சுலைஹாவின் வீடு. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். வீட்டு உறுதிப்பத்திரம் பெண் பெயரில் இருக்கும், மாப்பிள்ளையின் பெயர் கல்யாணக் கார்டில் மட்டும் இருக்கும். அங்கிருந்து மெடத்தின் காரைதீவு கூப்பிடு தூரம். பஸ்ஸில் போகிற வெளியூர்க்காரருக்கு ஓர் ஊர் எங்கே முடிந்து மற்ற ஊர் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. எங்களுக்கு வேலிக் கம்பு வரை தெரியும்: இந்தப் பக்கம் முஸ்லிம் ஊர், அந்தப் பக்கம் தமிழ் ஊர். குழப்பமான வாரங்களில் அந்தக் கூப்பிடு தூரத்தை அவராலும் கடக்க முடியாது, என்னாலும் முடியாது. இருநூறு கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருந்த கூட்டத்தை நான் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

இனி வேலையைச் சொல்கிறேன், அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம். செய்மதிப் படம் இறுவட்டில், அதாவது சீடியில், தபாலில் வரும். எக்ஸ் கதிர் ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. கூட்டத்தின் புள்ளிகளோடு வானத்தின் பொதுவான மினுக்கமும் கலந்திருக்கும். கூட்டம் இல்லாத வெறும் பகுதியொன்றைத் தெரிவுசெய்து, அதன் மினுக்கத்தை அளந்து, முழுப் படத்திலிருந்தும் கழிக்க வேண்டும். வழியில் குறுக்கே நிற்கும் வேறு பிரகாசங்களை வெட்டியெறிய வேண்டும். பிறகு நடுவிலிருந்து வளையம் வளையமாகப் பிரித்து, ஒவ்வொரு வளையத்திலும் எத்தனை புள்ளி என்று எண்ண வேண்டும். அதிலிருந்து வாயு பரந்திருக்கும் விதம் வரும். சூட்டை மட்டும் அந்தச் செய்மதியால் சரியாகச் சொல்ல முடியாது, அதை யப்பான் நாட்டுச் செய்மதியிடம் வாங்க வேண்டும். மெடம் என்ன செய்தார் தெரியுமா? எல்லாம் முடித்துக் கொடுத்ததும், நான் கழித்த வெறும் பகுதிக்குப் பக்கத்தில் கேள்விக்குறி. வேறோர் இடத்தை வெறும் பகுதியாக எடுத்து முதலிலிருந்து செய்தேன். அதற்கும் கேள்விக்குறி. மூன்றாவது இடத்தை எடுத்தேன். விடை மாறவில்லை. "இப்ப நம்பலாம்" என்றார். அது அவருடைய அகராதியில் பாராட்டு விழா.

படம் என்னவோ பார்க்க அவ்வளவு வடிவு. நடுவில் செறிந்து, ஓரத்துக்குப் போகப் போக மங்கி, தட்டு மாதிரி வட்டமாக இருந்தது. ஒரு கோணல் இல்லை. அமைதி என்றால் இதுதான் அமைதி என்று நினைத்தேன்.

அந்தப் படத்தில் சமவெளிச்சக் கோடுகள் வரைந்து மெடத்தின் வீட்டுக்குக் கொண்டுபோனபோதுதான் சோதனைச் சாவடியில் மாட்டினேன். தாளை விரித்த அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். வளைந்து வளைந்து கோடுகள், ஓரத்தில் பாகை கலை விகலை, நடுவில் ஒரு பெருக்கல் குறி. அந்த நாளில் இப்படியொரு தாளோடு வருகிறவன் ஒன்றில் அப்பாவியாக இருக்க வேண்டும் அல்லது பெரிய ஆளாக இருக்க வேண்டும்.

"மே எந்த கேம்ப்?" என்று பாதிச் சிங்களத்தில் கேட்டார்.

கேம்ப் இல்லை, தரு, நட்சத்திரம் என்று என் உடைந்த சிங்களத்தில் விளக்கினேன். அவர் நம்பவில்லை. எவ்வளவு தூரம் என்று கேட்டார். இருநூறு கோடி ஒளியாண்டு என்றேன். ஒளியாண்டு என்றால் என்ன என்று கேட்டார், சொன்னேன். தாளை ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மடித்துத் தந்தார்.

"அது நம்ம ஏரியா இல்ல. நீ போ."

என் ஆய்வைப் பற்றி எனக்குக் கிடைத்த முதல் மதிப்பீடு அது. இன்றுவரைக்கும் அதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை.

மெடம் படத்தைப் பார்த்தார், திணிவைப் பார்த்தார், முதல் வரியிலிருந்த 'அமைதி'க்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டார். அன்று மட்டும் வாயாலும் கேட்டார்.

"ஒரு சாட்சிதானே நிக்குது, ஜமால்தீன். ரெண்டாவது சாட்சி எங்க?"

இரண்டாவது சாட்சி இருந்தது. கூட்டத்தில் இருக்கும் பால்வெளிகள் ஒவ்வொன்றும் என்ன வேகத்தில் போகின்றன என்று வேறு நாட்டார் தரையிலுள்ள தொலைநோக்கியால் அளந்து வெளியிட்டிருந்தார்கள். வேகங்கள் சராசரியிலிருந்து அதிகம் சிதறியிருந்தால் பிடித்து வைத்திருக்கும் பாரமும் அதிகம். அந்த வழியில் நிறுத்தேன். எக்ஸ் கதிர் சொன்ன எடையைப் போல இரண்டு மடங்கு வந்தது. திரும்ப நிறுத்தேன். அதே இரண்டு மடங்கு. ஒரே ஆளை ஒரு தராசு ஐம்பது கிலோ என்கிறது, மற்றது நூறு கிலோ என்கிறது.

இங்கேதான் என் பிழைப்புச் சிக்கிக்கொண்டது. தகுதிகாண் காலம் முடியப் போகிறது. ஓர் ஆய்விதழ் கட்டுரையாவது இல்லாவிட்டால் நியமனத்தை உறுதிப்படுத்தமாட்டார்கள். வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அதுவும் மனைவியின் வீட்டுக்கு. சுலைஹாவின் தம்பி சவூதியில் ஒரு மருந்துக் களஞ்சியத்தில் எனக்கு வேலை பேசி, விசாவையும் ஒழுங்கு செய்துவிட்டான். "மச்சான், அங்க வானத்த நிறுக்கிறதுக்கு இஞ்ச மருந்த நிறுக்கலாமே" என்று தொலைபேசியில் சொன்னான். நல்லெண்ணத்தில்தான் சொன்னான். எனக்கு அழுகை வந்தது.

அந்த நிலையில் நோன்பு வந்தது, நோன்பின் இருபத்தொன்பதாம் பிறை நாளும் வந்தது. ஊரில் என்னை ஏற்கெனவே 'வானத்து டொக்டர்' என்று அழைத்தார்கள். எங்கள் பகுதிப் பள்ளிவாசலின் நிர்வாகி அபூபக்கர் மரைக்கார் அசர் தொழுகைக்குப் பிறகு என்னைப் பிடித்தார்.

"சேர், பிறை இண்டைக்குத் தெரியுமா, தெரியாதா? செல்லுங்க."

"கணக்குப்படி சூரியன் போன கையோட சந்திரனும் போயிரும் மரைக்கார் காக்கா. கண்ணுக்குத் தெரியிற வாய்ப்பு இல்ல."

அந்தித் தொழுகையான மஃரிபுக்குப் பிறகு மேற்கே வட்டைப் பக்கம் வயல் வரம்பில் நின்ற இரண்டு பேர் பிறை கண்டதாகச் சாட்சி சொன்னார்கள். இருவரும் நல்ல மனிதர்கள், பொய் சொல்லுகிறவர்கள் அல்ல. மரைக்கார் என்னைப் பார்த்தார்.

"கோடிக்கணக்கான மைலுக்கு அங்கால கிடக்கிற சாமானயெல்லாம் நிறுக்கிறீங்க. தலைக்கு மேல இரிக்கிற பிறையைச் செல்ல ஏலாமப் போயிட்டே சேர்."

பள்ளியில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். சாட்சி ஏற்கப்பட்டது, தக்பீர் முழங்கியது, சாய்ந்தமருதில் எங்கள் பகுதிக்கு மறுநாள் பெருநாள். ஆனால் கல்முனைக்கு வடக்கே மருதமுனையில், என் உம்மா இருக்கும் பகுதியில், பிறை தெரியவில்லை என்று முப்பது நோன்பையும் நிரப்பினார்கள்.

மாப்பிள்ளைமார் பெண் வீட்டில் இருக்கிற ஊரில் இப்படி நடந்தால் என்ன ஆகும் என்பதைப் பிறை பார்த்தவர்கள் யோசிக்கவில்லை. நான் இருக்கும் ஊர்ப்படி எனக்குப் பெருநாள், கணக்குப்படி நோன்பு. இருக்கும் ஊரோடு சேர்ந்து தொழுதேன், சஹன் தட்டைச் சுற்றிக் கூடியிருந்து சாப்பிட்டேன், இனிப்புக்கு வட்டிலப்பமும் உண்டேன். பின்னேரம் உம்மாவைப் பார்க்கப் போனால் அவர் நோன்போடு கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார்.

"கணக்குப் பாத்து நாளைக்கித்தான் பெருநாள் எண்டு சென்னவனும் நீதானாம், இண்டைக்கே திண்டுட்டு வந்தவனும் நீதானா மகன்?"

மறுநாள் உம்மா வீட்டில் எனக்கு இரண்டாவது பெருநாள். உம்மா ஒரு கிண்ணம் வட்டிலப்பம் தந்து, "ஒண்ட மெடத்துக்குக் குடு" என்றார். சைக்கிளில் காரைதீவுக்குப் போனேன். நல்ல காலம், பாதை திறந்திருந்தது.

மெடத்தின் மேசையில் என் தாள்கள் பரந்துகிடந்தன. நடுவில் முதல் நாளே சுலைஹா முச்சக்கர வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்பிய கிண்ணம், கழுவிக் கவிழ்த்தபடி. உம்மாவின் கிண்ணத்தை அதன் பக்கத்தில் வைத்தேன்.

"இது எந்தப் பெருநாள்?" என்று கேட்டார்.

"இது ரெண்டாவது, மெடம். மற்றது முதலாவது."

"அப்ப வெளியூர்க்காரர் ஒராள் கல்முனைப் பக்கம் பெருநாள் எப்ப எண்டு கேட்டா என்னெண்டு சொல்லுறது?"

இரண்டு நாளாக இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்ட கடுப்பில் இருந்தேன். "சராசரி எடுத்துச் சொல்லலாம்" என்றேன். "ரெண்டு நாளுக்கும் நடுவில, சாமத்தில பெருநாள். அந்த நேரம் இந்தக் கரையில ஒருத்தரும் பெருநாள் கொண்டாடல்ல, அதுதான் ஒரு குறை."

மெடம் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். நான் சிரிக்கவில்லை. நான் சொன்னதை நானே கேட்டுக்கொண்டிருந்தேன். சராசரியில் ஒருத்தரும் இல்லை. மேசையில் கிடந்த வேகப் பட்டியலை இழுத்தேன்.

வேகங்களை நான் அகலமான நாலைந்து கட்டங்களில் போட்டு வைத்திருந்தேன். அப்படிப் போட்டால் நடுவில் உயர்ந்து இரு பக்கமும் சரியும் அழகான ஒற்றைக் குன்று தெரியும். இப்போது கட்டங்களைச் சின்னதாக்கி, ஒவ்வொரு பால்வெளியாகத் திரும்பப் போட்டோம். மெடம் வேகத்தை வாசித்தார், நான் குறித்தேன். வட்டிலப்பத்தை யாரும் தொடவில்லை. முடிந்தபோது தாளில் இரண்டு குன்றுகள் நின்றன. நடுவில் பள்ளம். சராசரி வேகம் என்று நான் எழுதி வைத்திருந்த இடத்தில் ஒரு பால்வெளிகூட இல்லை.

ஒரு கூட்டம் அல்ல, இரண்டு. ஒன்றோடொன்று மோதி, ஒன்றையொன்று ஊடுருவிக்கொண்டிருந்தன. மோதல் நம் பார்வைக்கு நேர்கோட்டில், முன்னும் பின்னுமாக நடந்ததால் நமக்கு ஒரே வட்டமாகத் தெரிந்தது. பக்கவாட்டில் பார்க்க முடிந்திருந்தால் அது எவ்வளவு பெரிய கலவரம் என்று தெரிந்திருக்கும். இரண்டையும் ஒன்றாக எண்ணிச் சிதறலை அளந்ததால் ஒரு தராசு கூட்டிச் சொன்னது. கலங்கிக் கிடந்த வாயுவை அமைதி என்று கொண்டதால் மற்றத் தராசும் நம்பக்கூடியதாக இல்லை.

"அப்ப எடை?" என்றேன்.

"இந்த முறையில தெரியாது."

"மெடம், எடை இல்லாமக் கட்டுரையை அனுப்பினா என்ட நியமனம் என்ன ஆகும்?"

"எடையோட அனுப்பினா என்ட பேர் என்ன ஆகும்?" என்று கேட்டுவிட்டு வட்டிலப்பத்தில் கரண்டியை வைத்தார்.

கட்டுரை எடை இல்லாமல்தான் போனது. ஆய்விதழ் ஏற்றுக்கொண்ட தாள் வந்து சில நாட்களில் நேர்முகம். சபையில் வெளியூரிலிருந்து வந்த ஒரு பேராசிரியர் கட்டுரையை முன்னும் பின்னும் புரட்டினார். "கடைசியில் இதன் திணிவுதான் எவ்வளவு?" என்று கேட்டார்.

"தெரியாது சேர்."

சவூதியின் மருந்துக் களஞ்சியம் என் கண்ணுக்கு முன்னால் அலுமாரி அலுமாரியாக விரிந்தது. அப்போது மெடம், அதே தாழ்ந்த குரலில், "தெரியாது எண்டதை அவர் கணக்குப் போட்டு நிறுவியிருக்கிறார். சும்மா சொல்லேல்ல" என்றார். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார், பிறகு எழுதினார். நியமனம் உறுதியானது. விசாவை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லி மச்சானுக்குத் தொலைபேசி எடுத்தேன். அடுத்த வருடம் பிறை நாளன்று மரைக்கார் முற்கூட்டியே வீட்டுக்கு வந்து, "சேர், இந்தமுற நீங்க ஒண்டும் கதைக்க வேணாம்" என்று அன்பாகக் கேட்டுக்கொண்டார்.

நியமனம் உறுதியான கையோடு ஜேர்மன் பேராசிரியரின் வாழ்த்துக் கடிதம் வந்தது. கூட்டத்தின் அமைதியைக் குலைத்ததற்குப் பாராட்டியிருந்தார். முடிவில் வழக்கம்போல, 'அங்கே எல்லாம் அமைதிதானே?' என்று கேட்டிருந்தார். அந்தக் கிழமை சாய்ந்தமருதுக்கும் காரைதீவுக்கும் இடையில் பாதை பூட்டு. மெடத்தின் கதிரை காலியாகக் கிடந்தது. ஓர் ஊரில் கடைகள் பூட்டு, மற்ற ஊரில் ஒரு மையித்து விழுந்திருந்தது. கூப்பிடு தூரத்தில் இருக்கிற மனிதர் உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாமல் நான் பதில் எழுத உட்கார்ந்தேன். பயந்துபோயிருந்தேன் என்பதை இப்போது சொல்வதில் வெட்கமில்லை. 'ஓம்' என்று எழுதப் போன கை நின்றது. பிறகு இப்படி எழுதினேன்: 'நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால், ஓம்.'

பாதை திறந்து மெடம் வளாகத்துக்கு வந்த அன்று கடிதத்தைக் கையொப்பத்துக்கு வைத்தேன். அவர் கொஞ்சம் மெலிந்திருந்தார். கூந்தலிலிருந்து பென்சிலை எடுத்தார். கடைசி வரிக்கு வந்ததும் பென்சில் அதன்மேல் கொஞ்ச நேரம் நின்றது.

பிறகு பென்சிலைத் திரும்பச் செருகிவிட்டு, பேனையை எடுத்துக் கையொப்பமிட்டுத் தந்தார். அழிப்பதற்கு எனக்கு அதில் ஒன்றும் இருக்கவில்லை.